மலையில் போன், கழனியில் தண்ணீர்!

பனி கொட்டும் நாடுகளில் வீட்டுக்குள் இருந்தபடியே காரை ஸ்டார்ட் செய்து சூடேற்றிக்கொள்கிறார்கள். அதே வித்தைக்கு நம் பக்கம் இன்னும் அருமையான வேலை இருக்கிறது. திருத்தணி மலையில் 365 படி ஏறி முருகனைக் கும்பிட்ட கையோடு, போனில் 1-ஐ அழுத்தினால் கீழே கழனியில் மோட்டார் ஓடும்! அந்த மொபைல் ஸ்டார்ட்டரை நாமே செய்யலாம். மூடியைக் கழற்றுவோமா?

முதல் ஆச்சரியம், மோட்டாரை ஓட்டுவது இந்தப் பெட்டி இல்லை. இதிலிருக்கும் ரிலே என்ற மின் சுவிட்ச், மோட்டார் கொட்டாயில் ஏற்கெனவே தொங்கும் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை ஒரு நொடி அழுத்தும் விரல், அவ்வளவுதான்! நிறுத்துவதற்கு, சிவப்புப் பொத்தானோடு தொடராக இன்னொரு ரிலே.

எனக்குப் புல்லரிக்கும் இடம் அடுத்தது. 1-ஐ அழுத்தும்போது கேட்கிற 'பீப்' ஒரே சத்தம் இல்லை. 697, 1209 ஹெர்ட்ஸ் என இரண்டு சுரங்கள் கலந்தது. எம்.டி. 8870 என்ற குட்டிச் சிப் இரண்டையும் பிரித்தறிந்து, "வந்தது 1" என்று பெட்டியின் மூளையான ஆர்டுயினோ பலகையிடம் சொல்லிவிடுகிறது. காசு செலவில்லாத கடவுச்சொல்லும் உண்டு: உங்கள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால்தான் பெட்டி எடுக்கும்.

பெட்டிக்குள் சிம்மோடு போனாக இருக்கும் ஜி.எஸ்.எம். மாட்யூல், டவரோடு பேசும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். பக்கத்திலேயே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இல்லையென்றால் அடிக்கடி மயங்கி விழுந்து எழும். மலிவான 2ஜி மாட்யூலில் ஜியோ சிம் வேலை செய்யாது.

ஒன்றில் மட்டும் விளையாட்டே கூடாது. நீல ரிலேயின் தலையில் 250 வோல்ட் என்றுதான் எழுதியிருக்கும். பல ஸ்டார்ட்டர்களின் காயிலோ 415 வோல்ட். நடுவில் அதைத் தாங்கும் சின்ன கான்டாக்டர் போட்டே ஆகவேண்டும். அந்த வயரிங்கை எலக்ட்ரீஷியன்தான் தொடவேண்டும்.

ராத்திரியில் மோட்டார் போட நடையாய் நடந்த தன் தாத்தாவைப் பார்த்து இந்த மொபைல் ஸ்டார்ட்டர் வேலையில் இறங்கியவர் புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்ட்வால். அவருடைய 'நானோ கணேஷ்' 2009-இல் நோக்கியா நடத்திய போட்டியில் பரிசு வாங்கியது. அண்ணன் பெயரில் வந்த கருவி, தம்பியின் ஊருக்கு எவ்வளவு பொருத்தம்!

கடைசியாக, மோட்டார் வயர்களில் ஒன்றைச் சுற்றி ஒரு வளையம், கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர். கிணறு வற்றினால் மோட்டார் இழுக்கும் கரன்ட் குறையும். ஆர்டுயினோ அதைக் கண்டுபிடித்து, சிவப்பை அழுத்தி, உடனே நமக்கு ரிங் கொடுக்கிறது. மோட்டாரே நம்மைக் கூப்பிடுகிறது!