வீட்டோடு ஒரு தச்சுப் பட்டறை

புதிய காணியில் தச்சு வேலையைத் தொடங்க நினைப்பவர்கள் இயந்திரம் வாங்குவதற்கு முன் இடத்தைக் கவனியுங்கள்.

இடம் போதவில்லை என்று வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்மேட்டை வெட்ட வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் கண்டி மாவட்டத்தில் எத்தனை சரிவுகள் ஏற்பட்டன என்பது உங்களுக்கே தெரியும். செங்குத்தாக வெட்டிய மேடு தண்ணீரில் ஊறினால் பிடிப்பை இழந்துவிடும். வெட்டியே ஆகவேண்டுமானால் கிராம உத்தியோகத்தரிடம் கூறி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெற்றுக்கொள்ளுங்கள். அதைவிட, வீட்டின் பக்கவாட்டில் ஒரு தகரச் சாய்ப்பு இறக்குவது செலவும் குறைவு, பயமும் இல்லை. கூரைத் தண்ணீரைப் பீலி வைத்துக் கானுக்கு விடுங்கள். மேட்டோரம் தேங்கக் கூடாது.

அடுத்தது ஈரம். கண்டியில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை அதிகம். பலாவோ மஹோகனியோ, பச்சைப் பலகையில் செய்த கதவு சில மாதங்களில் வளைந்து உங்களிடமே திரும்பி வரும். பலகைகளைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் இடையில், இரண்டு அடிக்கு ஒன்றாக ஓரங்குலக் குச்சிகளை வையுங்கள். குச்சிகள் ஒன்றின் மேல் ஒன்று நேராக இருக்க வேண்டும். வெடிக்காமலிருக்க பலகையின் இரு முனைகளுக்கும் பழைய பெயின்ற் பூசலாம். ஓரங்குலப் பலகை காய ஏறக்குறைய ஒரு வருடம் எடுக்கும். அதுவரை வருமானத்துக்கு என்ன செய்வது? இடிந்த வீடுகளின் நிலை, கதவு மரங்கள் நன்றாகக் காய்ந்தவை. உரிமையாளரிடம் கேட்டு எடுத்து, ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, கதிரை, மேசை திருத்தும் வேலைகளுக்குப் பயன்படுத்தலாம்.

வேலை மேசைக்கும் அந்த மரமே போதும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் உள்ளங்கை படியும் உயரம் சீவுளி பிடிக்க வசதியானது. மேசை ஆடினால் கீழ்த்தட்டில் நான்கைந்து சீமெந்துக் கற்களை ஏற்றுங்கள்.

உளி, வாள் கறல் பிடிக்காதிருக்க தையல் இயந்திர எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும்.

மரத்தூளைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். அது புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் அறிவித்தது. முகக்கவசம் அணியுங்கள், தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள், சிறுபிள்ளைகள் படுக்கும் அறைப் பக்கம் பட்டறை வாசலை வைக்காதீர்கள். மின்வாள் பாவிப்பவர்கள், ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் நிற்காவிட்டால், மாற்றும்வரை அந்த இணைப்பில் வேலை செய்ய வேண்டாம்.