அரியர் விழுந்தால் படிப்பு முடிந்துவிடாது

கல்லூரிகள் திறந்துவிட்டன. காலை ஏழரை மணி டவுன் பஸ்ஸில் புதுப் பையும் புதுச் செருப்புமாய் நம் பிள்ளைகள் ஏறுவதைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது. ஆனால், போன வாரம் எங்கள் ஊர்க் காலனியில் ஓர் அக்காவைப் பார்த்ததிலிருந்து அந்த நிறைவுக்குள் ஒரு முள் கிடந்து குத்துகிறது.

நூறுநாள் வேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார். கரும்பு வெட்டியே மகளை அரசுக் கலைக் கல்லூரியில் சேர்த்தவர். “பாப்பா காலேஜ் எப்படிக்கா போகுது?” என்று கேட்டேன். “எங்க தம்பி போவுது? பெயிலாயிடுச்சுன்னு நின்னுடுச்சு. இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்குது” என்றார்.

அந்தப் பெண்ணிடமே போனில் பேசினேன். முதல் பருவத்தில் இரண்டு தாள் போய்விட்டது. அறிவிப்புப் பலகையில் பெயருக்கு எதிரே அரியர் என்று இருந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பெயிலானால் அதே வகுப்பில் உட்கார வைப்பதுபோல, மறுபடி முதலாண்டுக்குப் பணம் கட்டவேண்டும் என்று நினைத்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார்களோ என்ற பயம்.

அரியர் என்றால் பாக்கி. கூலி பாக்கி மாதிரி, எழுதித் தேற வேண்டிய தாள் பாக்கி. அவ்வளவுதான். வகுப்பு நிற்காது. அடுத்த பருவத்துக்குப் போய்க்கொண்டே, கட்டணம் கட்டி அந்தத் தாளை மறுபடி எழுதலாம். ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் ஒரு பட்டம் போய்விட்டது. அந்த வீட்டின் முதல் பட்டம்.

அப்பா, அண்ணன் படித்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்கள் சோற்றோடு ஊட்டப்பட்டிருக்கும். நம் வீடுகளில் சொல்ல ஆளில்லை. இதில் பிள்ளைகளின் அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. எனவே, தம்பி தங்கைகளே, இந்த வாரம் சில சொற்களை மட்டும் பார்ப்போம்.

ஓ.சி. என்பது சாதி அல்ல

தரவரிசைப் பட்டியலில் ஓ.சி. என்று இருக்கும். அது ‘முன்னேறிய சாதியாருக்கான’ இடம் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். தவறு. ஓப்பன் காம்படிஷன், அதாவது பொதுப்போட்டி. தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு போக மீதமுள்ள 31 விழுக்காடு இடம் அது. மதிப்பெண் இருந்தால் எந்தச் சாதிப் பிள்ளையும் அதில் இடம் பெறலாம். பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காடு அதற்குப் புறம்பானது. அந்த 18-க்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு. பட்டியலில் எஸ்.சி.ஏ. என்று இருப்பது அதுதான்.

நல்ல மதிப்பெண் எடுத்த நம் பிள்ளையைப் பொதுப்போட்டியில் சேர்க்காமல் எஸ்.சி. இடத்தில் சேர்த்தால், அந்த இடத்துக்கு வரவேண்டிய இன்னொரு நம் பிள்ளை வெளியே நிற்கும். சேர்க்கை ஆணையில் எந்தப் பிரிவில் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கேள்வி கேட்பது உங்கள் உரிமை.

பணமும் படிப்பும்

போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் என்பதைக் கேட்டு, “நான் மெட்ரிக் ஸ்கூல்ல படிக்கலையே” என்று விண்ணப்பிக்காமல் விட்ட மாணவனை எனக்குத் தெரியும். இங்கே மெட்ரிக் என்றால் பத்தாம் வகுப்பு. பத்துக்கு மேல் படிக்கும் படிப்புக்கான உதவித்தொகை அது. அண்ணல் அம்பேத்கரின் முயற்சியால் 1944இல் தொடங்கியது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்கவேண்டும். கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கு மாநில அரசு கொடுக்கிறது.

வருமானச் சான்று, சாதிச் சான்று, யூமிஸ் எண், ஆதாரோடு சேர்த்த வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். யூமிஸ் எண் என்பது பள்ளியில் இருந்த எமிஸ் எண்ணைப்போலக் கல்லூரிக்கு உரியது. அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போனஃபைடு கொண்டு வா என்பார்கள். ‘இவர் இந்தக் கல்லூரியில் படிக்கிறார்’ என்று கல்லூரி தரும் சான்றுதான் அது. ஒரு வெள்ளைத்தாளில் விண்ணப்பம் எழுதித் துறைத்தலைவர் கையெழுத்தோடு அலுவலகத்தில் கொடுத்தால் கிடைக்கும்.

இன்டர்னல், கிரெடிட், கண்டனேஷன்

இன்டர்னல் என்பது அகமதிப்பீடு. பல பல்கலைக்கழகங்களில் ஒரு தாளுக்கு 25 மதிப்பெண் கல்லூரிக்குள், 75 மதிப்பெண் பருவத் தேர்வில். தேற எழுத்துத் தேர்வில் 30, மொத்தத்தில் 40 வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தேர்வில் 34 எடுத்தவர், இன்டர்னலில் 5 மட்டும் வாங்கியிருந்தால் மொத்தம் 39, தேறவில்லை. தேர்வில் 30 எடுத்தவர், இன்டர்னலில் 15 வாங்கியிருந்தால் தேறிவிட்டார். அசைன்மென்டும் செமினாரும் விளையாட்டல்ல என்பது இதனால்தான்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. தமிழ் இலக்கியம் சேர்ந்த புதிதில் ஆசிரியர் ‘ஒப்படைப்பு’ என்றார். என்ன ஒப்படைக்கவேண்டும் என்று புரியவில்லை. வகுப்பே தாள் தாளாய்க் கொடுத்த நாளில் நான் வெறுங்கையோடு நின்றேன். “உங்காளுங்களுக்கு எதுக்குய்யா இலக்கியம்?” என்றார். அன்று தலையைக் குனிந்துகொண்டேன். ‘அப்படியென்றால் என்னங்க ஐயா?’ என்று முதல் நாளே ஒருமுறை கேட்டிருக்கலாம் என்று பிறகு பல வருஷம் நினைத்திருக்கிறேன்.

கிரெடிட் என்றதும் குழுக்கடனோ என்று அம்மாக்கள் பயப்படவேண்டாம். ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடைதான் அது. இளநிலைப் பட்டத்துக்குப் பெரும்பாலும் 140 கிரெடிட் சேரவேண்டும். ஐந்து கிரெடிட் பாடத்தில் எடுக்கும் மதிப்பெண்ணுக்கு, இரண்டு கிரெடிட் பாடத்தைவிட எடை கூடுதல். மேஜர் அல்லது கோர் என்பது உங்கள் முதன்மைப் பாடம். அலைடு என்பது அதற்குத் துணைப் பாடம்.

வருகைப்பதிவு 75 விழுக்காடு வேண்டும். பருவத்துக்கு 90 வேலைநாள் என்றால் 68 நாள். அறுவடைக்கும் சாவுக்கும் சடங்குக்கும் சேர்த்து 22 நாள்தான் கையில் இருக்கிறது. கொஞ்சம் குறைந்தால் காரணம் காட்டிக் கட்டணம் கட்டித் தேர்வு எழுத அனுமதிப்பார்கள். அதன் பெயர்தான் கண்டனேஷன். ரொம்பவும் குறைந்தால் அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க நேரும். இந்த அளவுகள் கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். சேரும்போது கொடுக்கும் கையேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரணில் போட்டுவிடாமல் ஒருமுறை முழுதும் படியுங்கள்.

உனக்குத் தெரிந்த சொற்கள்தான்

தமிழ் படிக்கச் சேர்ந்த பிள்ளைகள் யாப்பு, தளை, தொடை என்று கேட்டு மிரளுகிறார்கள். யாப்பு என்றால் கட்டுதல். தளை என்றால் மாட்டின் காலில் போடும் கட்டு. தொடை என்றால் தொடுத்தல், பூத்தொடுப்பதுபோல. மாடு கட்டிய கையும் பூக்கட்டிய கையும் நம்முடையவைதானே? படிப்பின் சொற்கள் பலவும் உழைப்பின் சொற்களிலிருந்து போனவைதான்.

துறை என்ற சொல்லையும் பாருங்கள். ஆற்றிலும் குளத்திலும் இறங்கும் இடம் துறை. நம் பாட்டிகளை எத்தனையோ ஊர்களில் அந்தத் துறையில் இறங்கவிடவில்லை. இன்று தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை என்று கதவில் எழுதியிருக்கிறது. உள்ளே போங்கள். துறைத்தலைவரைக் கேளுங்கள், வகுப்பாசிரியரைக் கேளுங்கள், மூன்றாமாண்டு அண்ணன் அக்காவைக் கேளுங்கள். சாதி சொல்லி யாரும் இழிவுபடுத்தினால் கல்லூரியின் எஸ்.சி., எஸ்.டி. செல்லில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

படித்து வேலைக்குப் போன நம் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காலனியில் இரவுப் பாடசாலை நடத்துகிறீர்கள், மகிழ்ச்சி. மாதத்தில் ஒரு ஞாயிறு, கல்லூரிக்குப் புதிதாய்ப் போகும் பிள்ளைகளை உட்காரவைத்து இந்தச் சொற்களைப் பேசுங்கள். பெற்றோரையும் கூப்பிடுங்கள்.

திருப்பூரில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரு சொல் சொன்னேன். ரீ-அட்மிஷன், மறுசேர்க்கை. இடையில் நின்றவர் முதல்வர் வழியாக விண்ணப்பித்து, பல்கலைக்கழக அனுமதி பெற்று மறுபடி சேர விதி உண்டு. போனில் கொஞ்ச நேரம் தையல் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

“அப்படி ஒண்ணு இருக்குதா மாமா?” என்றாள்.

இருக்கிறது பாப்பா. வருகிற திங்கட்கிழமை உன் அம்மாவோடு கல்லூரிக்குப் போகிறேன்.