சி.டி. மேல தாத்தா!

பால்பாயிண்ட் பேனாவால் ஒரு மனிதரின் குரலைக் கொல்ல முடியுமா? முடியும் சார். நானே செய்திருக்கிறேன்.

எங்க தாத்தா செஞ்சி வட்டாரத்தில் கூத்துக் கட்டியவர். கர்ணன் வேஷம்தான் ஸ்பெஷல். 2004-ல் அவர் கடைசியாகப் பாடியதைக் கேசட்டில் பிடித்தோம். ஒரு நண்பன் சி.டி.யாக்கித் தந்தான். நான் உடனே அதன் முதுகில் பேனாவை அழுத்தி, ஸ்கூல் நோட்டுக்கு லேபிள் எழுதும் பக்தியோடு 'தாத்தா - கர்ண மோட்சம்' என்று எழுதினேன். அதோடு சரி. தாத்தா குரலில் கர்ணன் தேரில் ஏறுவான்... ஏறுவான்... ஏறிக்கொண்டே இருப்பான். இறங்கவே மாட்டான்!

பளபளக்கும் அடிப்பக்கம்தான் உசிர் என்று நினைத்திருந்தேன். உண்மையில் சி.டி.யில் பதிவு இருப்பது மேல்பக்கத்தில், தலைமுடியைவிட மெல்லிய ஒரு பூச்சுக்கு அடியில். அடிப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் வெறும் ஜன்னல் கண்ணாடி மாதிரி. டி.வி.டி. கொஞ்சம் கெட்டிக்காரன். 0.6 மில்லிமீட்டரில் இரண்டு தட்டு, பதிவு நடுவில் பத்திரமாக.

மண்டகப்பட்டு சித்தப்பா போன மாசம் போன் பண்ணினார். "டேய் தம்பி, பரண்ல அந்த ஒரிஜினல் கேசட் கிடைச்சிருக்குடா! நாப்பது சி.டி. போடு. கூத்துல இருந்தவங்க எல்லார் வூட்டுக்கும் குடுக்கணும்."

"பென் டிரைவ்ல தரேனே சித்தப்பா?"

"அதுல அப்பாரு மூஞ்சி எங்கடா தெரியும்?"

நியாயம்தான். 2006-ல் ஆரம்பித்த இலவச கலர் டி.வி., 2007-ல் மோசர் பேர் கம்பெனி 28 ரூபாய்க்கு விற்ற வி.சி.டி. இரண்டுமாகச் சேர்ந்து அந்த ஊர்ப் பக்கம் வீட்டுக்கு ஒரு பிளேயரைக் கொண்டுவந்தன. மோசர் பேர் 2018-ல் கடனில் முழுகிக் கலைப்புக்கே போய்விட்டது; பிளேயர்கள் இன்னும் டி.வி. ஸ்டாண்டில் துண்டு போர்த்தி உட்கார்ந்திருக்கின்றன.

முதலில் சல்லிசாக முடிக்கப் பார்த்தேன். தாத்தா படத்தை ஸ்டிக்கர் பேப்பரில் அச்சடித்து ஒட்டினேன். ஒரு நூல் கோணல். கம்ப்யூட்டர் டிரைவ் முழு வேகத்தில் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்று வரை சுற்றும். கோணல் ஸ்டிக்கரோடு அது போட்ட சத்தத்தில் மாவு மெஷின் என்று நினைத்து மனைவி ஓடி வந்தாள். இன்னொன்று பங்காளியின் கார் பிளேயருக்குள் போய், வெயிலில் பசை இளகி, உள்ளேயே தங்கிவிட்டது. (பங்காளி இப்போது என்னோடு பேசுவதில்லை.)

நொந்துபோய் ஊருக்குப் போனேன். சித்தப்பா குடைவரைக் கோயில் நிழலுக்குக் கூட்டிப் போனார். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைந்தது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டினேன் என்று அங்கேயே கல்வெட்டில் பீற்றிக்கொண்டிருக்கிறார் ராஜா. சித்தப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாருடா, ஒட்டறது கிட்டறது ஒண்ணுமில்ல. நேரா கல்லு மேலயே!"

சுரீரென்றது. சி.டி. மேலேயே நேராக அச்சடிக்கும் பிரிண்டர் இருக்கிறதே!

கடைக்குப் போனால் நிமிஷத்துக்கு எத்தனை பக்கம், எத்தனை புள்ளி என்று ஆரம்பிப்பார்கள். காதில் வாங்காதீர்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: "சி.டி. டிரே கூட வருதா?" பேப்பர் வளையும், சி.டி. வளையாது. அதைத் தட்டில் படுக்கவைத்து நேர்கோட்டில் உள்ளே இழுக்கும் வழி வேண்டும். சாதாரண வீட்டு பிரிண்டர்களில் அது கிடையாது. எப்சன் 2002-லேயே ஸ்டைலஸ் ஃபோட்டோ 950-ல் இதைக் கொடுத்தது. பிறகு ஆர்230, அப்புறம் இங்க் டேங்க் வைத்த எல்800, எல்805, இப்போது எல்8050. கேனன் பிக்ஸ்மாவிலும் சில மாடல்கள் செய்யும், எல்லாம் அல்ல. பெட்டி மேல் படித்துப் பார்த்துவிட்டே பணத்தை எடுங்கள்.

தட்டும் சாதா தட்டு கூடாது. மேலே வெள்ளைப் பூச்சு பூசிய 'பிரிண்டபிள்' வேண்டும். வெள்ளிப் பளபளப்பில் அடித்தால் மை தாமரை இலைத் தண்ணீர்தான். அதிலும் நடு ஓட்டை ஓரம் வரை வெள்ளை உள்ளதாகப் பாருங்கள். இல்லாவிட்டால் தாத்தாவுக்கு மூக்கே இருக்காது. உள்வட்டம், வெளிவட்ட அளவை மென்பொருளில் சரியாகக் கொடுக்காவிட்டால் மை டிரேயில் வழியும்.

இனி பி.காம். மூளை. புது எல்8050 இருபதாயிரத்துக்கு மேல். நாற்பது தட்டுக்கு வகுத்தால் ஒரு தாத்தா ஐநூறு ரூபாய்க்கு மேல்! சும்மா கிடந்தால் மை காய்ந்து நாசில் அடைக்கும். வாரம் ஒரு தரமாவது கலரில் ஏதாவது அடித்தாக வேண்டும். மாதாமாதம் கல்யாண டி.வி.டி. போடுகிறவர், வீட்டில் போட்டோவும் அடிக்கிறவர் தாராளமாக வாங்கலாம். எனக்குக் கட்டுபடியாகாது.

அப்போதுதான் செஞ்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பார்த்தேன், எல்805! பிளாஸ்டிக் ஐ.டி. கார்டு அடிக்க வாங்கியதாம்.

"தம்பி, இதோட சி.டி. டிரே வந்திருக்குமே?"

"அதுவா சார்? என்னமோ வட்டமா ஓட்டை போட்ட தட்டு ஒண்ணு கிடந்துச்சு..." அட்டைப் பெட்டியின் அடியில், கவர் பிரிக்காமல் இருந்தது! உங்க ஊர் ஐ.டி. கார்டு கடையிலும் ஒருதரம் விசாரித்துப் பாருங்கள்.

தட்டுகளை நான் வாங்கிக் கொடுத்தேன். கூலி பேசி, ஒரே சாயங்காலத்தில் நாற்பதும் முடிந்தது. ஒருநாள் காயட்டும், தண்ணீர் படக்கூடாது என்று சித்தப்பாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே? முதல் தட்டைக் கையில் வாங்கினதும் அப்பா நெற்றியைத் தடவிவிட்டார். கர்ணன் கிரீடத்தில் பெருவிரல் ரேகை!

"வேற அடிச்சுத் தரேன் சித்தப்பா."

"வேணாம்டா. இது எனக்கு."

அன்றைக்கு ராத்திரி அவர் வீட்டுப் பிளேயரில் அதைத்தான் போட்டோம். சக்கரம் மண்ணில் புதைந்த இடம் வந்தது. சித்தப்பா வெற்றிலையை மெல்லாமல் வைத்திருந்தார். இந்தத் தடவை கர்ணன் தேரைவிட்டு இறங்கினான்.