வேலிக் கதியாலும் வன்னிக் கட்டையும்

யாழ்ப்பாணத்துக் காரைநகரில் காடு இல்லை. சுண்ணக்கல் தரை, உப்புக்காற்று, பனங்கூடல், வேலி, இவற்றோடு முடிந்துவிடும் தீவு. 2022இல் காஸ் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்றபோது விறகடுப்பைக் கைவிட்டிருந்த பல வீடுகள் அதை மீண்டும் மூட்டின. மூட்டினால்தான் தெரியும், எல்லாக் கட்டையும் ஒரே மாதிரி எரியாது. ஒன்று பற்றவே பஞ்சிப்படும், ஒன்று பொறி பறக்க வெடிக்கும், ஒன்று கண்ணைக் கரிக்கும். இலையும் பூவும் போய் வெறும் கொள்ளியாகக் கைக்கு வந்த பின், அது எந்த மரம் என்று சொல்ல மிஞ்சுவது பட்டையும் வெட்டுமுகமும் மணமும்தான்.

ஆனால் தீவில் தாராளமாகக் கிடைக்கும் பனைக்கு இந்த வழிகள் சரிவராது. உரித்தெடுக்கக்கூடிய பட்டை அதற்கு இல்லை. ஆண்டு வளையமும் இல்லை. குறுக்கே அறுத்த பனங்குற்றியில் தெரிவது கறுப்புப் புள்ளிகள், ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் ஐதாகவும். ஒவ்வொரு புள்ளியும் நீரையும் உணவையும் கொண்டுபோகும் ஒரு நார்க்கற்றை. வைரம் வெளியே இருக்கும், சோற்றி உள்ளே. இதைப் பார்த்துத்தான் தொல்காப்பியம் இத்தகையவற்றைப் புல் என்று பிரித்தது. இன்றைய தாவரவியலும் பனையை நெல்லோடும் புல்லோடும் ஒருவித்திலைத் தாவரங்களில்தான் வைக்கிறது. குற்றி வளைக்கும் தீராந்திக்கும் போய்விடும். அடுப்புக்கு வருவது காவோலை, மட்டை, கங்குமட்டை, பன்னாடை, பாளை, ஊமல். காவோலை தீ மூட்ட மட்டும் உதவும். உலை கொதிக்கும்வரை நிற்காது. நான் ஊமலின் கட்சி. கிழங்கு கிண்டிய பின் மிஞ்சும் அந்த ஓடு நன்றாகக் காய்ந்திருந்தால், கை நிறைய அள்ளிப் போட்டாலே தணல் நின்று பிடிக்கும்.

அடுத்தது வேலி. கதியால் கப்பு வெட்டும் காலத்தில் வளவுக்குள் குவிவது கிளுவை, பூவரசு, முள்முருக்கு. இவற்றைப் பட்டையிலேயே பிரிக்கலாம். கிளுவையின் மேற்தோல் எண்ணெய்க் காகிதம்போல மெல்லிதாக உரியும், அடியில் பச்சை தெரியும், கீறினால் வாசனைப் பிசின் கசியும். வெள்ளைப்போளம் தரும் மரமும் இதே பேரினம்தான். முள்முருக்கு முள்ளைக் காட்டியே தன்னைச் சொல்லிவிடும். கலியாண வீட்டில் கன்னிக்காலாக அதற்கு எவ்வளவோ மரியாதை, அடுப்பில் ஒன்றுமில்லை. தக்கைபோன்ற மரம், எரிந்து சாம்பலாவதுதான் மிச்சம்.

பூவரசில்தான் வெட்டுமுகம் பேசும். மணிக்கட்டளவு தடித்த முற்றிய கொம்பைப் பிளந்தால் வெளியே வெளிறிய மென்மரம், உள்ளே ஊதா கலந்த கடும் பழுப்பு வைரம். இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்ததுபோல எல்லை தெரியும். மரம் முதிரும்போது நடுவிலுள்ள பழைய நீர்க்குழாய்கள் வேலையை நிறுத்துகின்றன; அங்கே நிறமும் மணமும் கசப்பும் தரும் சேர்மங்கள் படிகின்றன. பூஞ்சையையும் பூச்சியையும் தடுக்க மரம் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. ஆகவே மணம் பார்ப்பவர் வைரத்தில்தான் மூக்கை வைக்க வேண்டும். பழைய விறகின் மேற்பரப்பில் மணம் ஆவியாகிப் போயிருக்கும். கத்தியால் ஒரு சீவல் சீவி, ஒரு துளி தண்ணீர் தொட்டு முகர்ந்தால் திரும்பி வரும். பூவரசில் மெல்லிய ரோசாப்பூ வாசனை. வேம்பில் கசப்போடு உள்ளிமணம். அதன் கந்தகச் சேர்மங்கள் செய்யும் வேலை.

வேம்பின் பட்டையை மட்டும் நம்பி ஏமாறக்கூடாது. அடிமரத்தில் நீளவாக்கில் ஆழமாக வெடித்திருக்கும், இளங்கொம்பில் வழுவழுப்பாக இருக்கும். ஒரே மரம் இரண்டு முகம் காட்டும். புளியைக் கண்டுபிடிக்கக் கோடாலி போதும்: நார்கள் ஒன்றையொன்று பின்னிக் கிடப்பதால் நேரே பிளக்காது, ஆப்பு வைத்தாலும் முரண்டுபிடிக்கும். இறைச்சிக்கடைக் கட்டைக்கு அதைத் தேடுவது இதனால்தான். ஆனால் பிளந்துவிட்டால் வெக்கை அபாரம். புளியங்கரி ஒருகாலத்தில் வெடிமருந்துக்கே போனது.

கனத்த கட்டைகள் பெருநிலத்து வன்னிக் காடுகளிலிருந்து லொறியில் வருபவை. 2006 ஆகஸ்டில் போரினால் ஏ9 வீதி மூடப்பட்டபோது அந்த வழியும் அடைபட்டது. பாலையின் பட்டை கட்டங்கட்டமாக வெடித்திருக்கும். வைரத் துண்டை வாளித் தண்ணீரில் போட்டால் தாழும். மஞ்சள் பளபளப்பும் வாசனையும் உள்ள கட்டை முதிரை. அதைத் தளவாடத்துக்கு விட்டுவிட்டு எரிக்காமலிருப்பதே நியாயம். அறுப்பவர்களில் சிலருக்கு அதன் தூள் தோலில் அரிப்பை உண்டாக்கும். காரைநகரின் கசூரினாக் கடற்கரைக்குப் பெயர் கொடுத்த சவுக்கு, நீள நாடாக்களாக உரியும் பட்டையைக் கொண்டது. உலகின் சிறந்த விறகுகளில் ஒன்று, பச்சையாகக்கூட எரியும்.

எரிக்கவே கூடாதவையும் உண்டு. அலரியின் புகை நஞ்சு. உப்பங்கழியோரத் தில்லையின் பால் கண்ணைக் குருடாக்கக்கூடியது, புகையும் கண்ணுக்குக் கேடு. பெயர் தெரியாத கொம்பை வெட்டும்போது வெள்ளைப் பால் வடிந்தால் ஒதுக்கிவிடுவதே நல்லது. நல்ல விறகான பாலைக்கும் பால் உண்டு, ஆனால் அது பால் வற்றிக் காய்ந்த பிறகுதான் நம் கைக்கு வருகிறது.

கடைசியாகக் காசு விஷயம். முழுக்கக் காய்ந்த நிலையில் எந்த மரமானாலும் ஒரு கிலோவுக்குத் தரும் வெப்பம் ஏறத்தாழ 18 முதல் 20 மெகாஜூல்தான். பாலைக்கும் முள்முருக்குக்கும் வேறுபாடு அடர்த்தியில், எரியும் வேகத்தில், தணலில். நிறுத்து வாங்குபவர் மரத்தைவிட ஈரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓர் அந்தர் என்பது 112 இறாத்தல், சுமார் 51 கிலோ. பச்சை விறகில் பாதி தண்ணீராக இருக்கலாம். அப்படியானால் 25 கிலோ தண்ணீருக்கும் விறகு விலை கொடுக்கிறோம். அந்தத் தண்ணீரை ஆவியாக்க அடுப்பு வேறு வெப்பம் செலவழிக்கும். காய்ந்த விறகின் நுனியில் நடுவிலிருந்து வெளிநோக்கி வெடிப்புகள் ஓடும், பட்டை விரலால் தட்டவே கழலும், இரண்டு கட்டையை மோதினால் கணீரென்று கேட்கும். விறகுகாலையில் தராசுக்கு ஏற்றுமுன் இதைப் பார்க்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு போனால் நல்ல கட்டையும் சத்தம் காட்டாது. ஆடி, ஆவணியிலேயே வாங்கி, நிலத்தில் படாமல் குறுக்குக் கட்டை போட்டு அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட வேண்டும்.