தோட்டத்துக்கு நால்வகை நீர்: அவிலா தெரேசா கண்ட ஜெப நிலைகள்

கல்கத்தா அன்னை தெரேசாவை நாம் அறிவோம். இவர் வேறு. ஸ்பெயின் நாட்டு அவிலாவில் 1515-இல் பிறந்த கார்மேல் சபைத் துறவி. 1560-களில் எழுதிய தன்வரலாற்றில், ஜெபத்தைத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் வேலையாக விளக்குகிறார். தோட்டம் நம் ஆன்மா, உடையவர் இறைவன், நாம் தோட்டக்காரர்.

முதல் நிலை, கிணற்றில் வாளி விட்டு இறைப்பது. கை நோகும். கிறிஸ்துவின் வாழ்வைத் தியானிக்க உட்கார்ந்தால் மனசு நாலு திக்கும் ஓடும், இழுத்து வரணும். இரண்டாவது, இறைவைச் சக்கரம். பாடு குறைவு, நீர் அதிகம், உள்ளம் அமைதி கொள்ளும். மூன்றாவது, ஆற்றுக்கால், மடை திருப்பினால் போதும். நான்காவது மழை. ஆன்மா இறைவனோடு ஒன்றும் நிலை இது. மழையை யாரும் வரவழைக்க முடியாது, அது அருள்.

சரி, கிணறே வற்றிவிட்டால்? தெரேசாவே பல ஆண்டுகள் அந்த வறட்சியில் தவித்தவர். ஜெப நேரம் எப்போ முடியும் என்று காத்திருந்ததை ஒளிக்காமல் எழுதுகிறார். வாளி வெறுமனே வந்தாலும் தோட்டக்காரர் தம் வேலையை விடக்கூடாது. நீரில்லாமலும் செடியைக் காக்க உடையவருக்குத் தெரியும் என்கிறார்.

மனசு நிற்கலையே என்று பிரார்த்தனையையே விட்டுவிடுகிறவர்கள் எல்லா மதத்திலும் உண்டு. அவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஜெபம் பலித்ததா என்று பார்க்க, காட்சிகளைத் தேட வேண்டாம். பணிவும் பிறரன்பும் பூத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். இப்படிச் சொன்னவரைத்தான் 1970-இல் திருச்சபை தன் முதல் பெண் மறைவல்லுநராக ஏற்றது.