ஆர்க்கிட் உரம்: கரண்டிக் கணக்கும் தராசுக் கணக்கும்



ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருப்பது சேலம் வட்டார வியாபாரிகள் அறிந்ததே. மலைக்குப் போய் வந்தவர்கள் தாங்களும் இரண்டு தொட்டி வாங்கி வைத்துவிட்டு, உரத்துக்கு நம் கடைக்கு வருகிறார்கள். "எவ்வளவு போடணும்?" என்பதே அவர்களின் முதல் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மாளிடம், "தண்ணியிலே ஒரு கரண்டி கலந்து ஊத்துங்கம்மா" என்று சொல்லி 19:19:19 உரப் பொட்டலத்தைக் கொடுத்தோம். எத்தனை லிட்டர் தண்ணீர் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர் ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, அதுவும் குவித்துப் போட்டிருக்கிறார். வேர் நுனிகள் கறுத்து, ஆசையாய் வளர்த்த டெண்ட்ரோபியம் தொட்டிகள் அத்தனையும் வீணாயின. சரக்கில் குறையில்லை, நாங்கள் சொன்னதில்தான் குறை. அந்த அம்மாள் பிறகு எங்கள் கடைக்கு வரவே இல்லை.

டெண்ட்ரோபியம் போன்றவை மரத்தைப் பற்றி வளரும் இனம். தொட்டியிலும் கரித்துண்டு, ஓட்டுச்சில்லு, தேங்காய் மட்டை இவற்றில்தான் நிற்கும். மண்ணாக இருந்தால் உர உப்பை ஓரளவு தாங்கிக்கொள்ளும். இங்கே உரநீர் நேரே வேரில் படுகிறது. கூடினால் வேர் கருகும்.

கணக்கு எளிது. 19:19:19 என்றால் 100 கிராமில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து முறையே 19 பங்கு. அதாவது 1 கிராம் தூளில் தழைச்சத்து 190 மில்லிகிராம். வாரம் ஒரு முறை ஊற்றும் நீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் தழைச்சத்து போதும். ஆகவே லிட்டருக்கு அரை கிராம், 10 லிட்டர் வாளிக்கு 5 கிராம். வேறு ரகமானால், பொட்டலத்தில் உள்ள முதல் எண்ணால் 10-ஐ வகுத்தால் லிட்டருக்கு எத்தனை கிராம் என்பது கிடைக்கும். 30:10:10 உரத்துக்கு மூன்றில் ஒரு கிராம்தான். மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி, தங்கிய உப்பைக் கழுவிவிட வேண்டும்.

சரி, 5 கிராமை எப்படி நிறுப்பது? 5 கிராம் பிரிவுள்ள கடைத் தராசில் குறைந்தபட்ச எடை 100 கிராம், தகட்டிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழ் நிறுத்தால் நம்ப முடியாது. எனவே வாடிக்கையாளர் தம் கரண்டியால், தலைதட்டி 20 கரண்டி தூளை ஒரு பாத்திரத்தில் போடட்டும். பாத்திர எடையைக் கழித்து, வந்ததை 20-ஆல் வகுக்கவும். 100 கிராம் இருந்தால் ஒரு கரண்டி 5 கிராம். ஒரு வாளிக்கு ஒரு கரண்டி. கரண்டியை மாற்றினால் மறுபடி நிறுக்க வேண்டும்.

பொட்டலத்தோடு ஒரு துண்டுச் சீட்டில் "இத்தனை லிட்டருக்கு இத்தனை கிராம்" என்று எழுதிக் கொடுங்கள். உரம் குறைவாக விற்றாலும் செடி பிழைக்கும். செடி பிழைத்தால் வாடிக்கையாளர் திரும்ப வருவார். வியாபாரத்துக்கு அதுவே முதல்.