மூழ்கியது கப்பல்... மிஞ்சியது படகு!

'டைட்டானிக்' என்றால் உங்களுக்குக் காதல் ஞாபகம் வரும். எனக்குக் கணக்குதான் சார்! 1912 ஏப்ரலில் சுமார் 1,500 பேரோடு கப்பல் முழுகிப் போச்சு. கம்பெனிக்காரர்கள் அமெரிக்க கோர்ட்டில் போய் 1851-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றை நீட்டினார்கள். முதலாளிக்குத் தெரியாமல் நடந்த தப்பு என்றால், கப்பலில் மிஞ்சியதன் மதிப்பும் அந்தப் பயணத்தின் கட்டண வசூலும்தான் நஷ்டஈடு. மேற்கொண்டு சல்லிக்காசு கிடையாது!

மிஞ்சியது எது? பிழைத்தவர்கள் ஏறி வந்த படகுகள்! வசூலையும் சேர்த்து 1 லட்சம் டாலர்கூடத் தேறவில்லை. கேட்கப்பட்டதோ சுமார் 1 கோடியே 60 லட்சம். ஒரு சீமாட்டி தன் பெட்டிகளுக்கு மட்டுமே 1,77,000 கேட்டார். (அப்படி என்னதான் வெச்சிருந்தாங்களோ!)

இங்கிலாந்துக் கப்பலுக்கு அமெரிக்கச் சட்டமா? 'செல்லும்' என்றது 1914-ல் அங்குள்ள சுப்ரீம் கோர்ட். கடைசியில் 1916-ல் சமரசம். உயிருக்கும் சாமானுக்கும் சேர்த்தே சுமார் 6,64,000 டாலர்தான்!

பழைய கதை இல்லை சார். 2019-ல் கலிபோர்னியா அருகே 'கன்செப்ஷன்' படகு எரிந்து 34 பேர் இறந்தார்கள். மூணே நாளில் அதே சட்டத்தோடு வந்து நின்றார்கள் உரிமையாளர்கள். படகின் மதிப்பு பூஜ்யமாம்! இறந்தவர்களின் குடும்பத்தார் விடவில்லை. 2022-ல் சிறிய பயணிகள் படகுகளுக்கு அந்தச் சலுகை ரத்தானது. பெரிய கப்பல்களுக்கு, சில திருத்தங்களோடு, இன்னமும் இருக்கு.